பேண்டாக்ல தமிழ் மேனுவல் பண்றப்போ வர்ற எர்ரர்: என்ன தெரியுதோ அதை வச்சு எங்க பாக்கணும்

அம்பத்தூர் எஸ்டேட் பக்கம் இருக்கற சில கம்பெனிங்களுக்கு தமிழ்ல யூசர் மேனுவல் போட்டுத் தர்றது எங்க வேலை, ராயப்பேட்டைல சின்ன ஆபீஸ், நாலே பேரு. முன்னாடி ஒவ்வொரு மேனுவலையும் வேர்டுல ஒரு தடவ, பிரஸ்ஸுக்கு ஒரு தடவ, வெப்புக்கு ஒரு தடவன்னு மூணு வாட்டி பண்ணுவோம், மோட்டார் வாட்ஸ் ஒரு இடத்துல மாறினா மூணு ஃபைல்ல தேடி மாத்தணும், ஏதாவது ஒண்ணுல கண்டிப்பா விட்டுப் போயிடும். இப்போ எல்லாத்தையும் மார்க்டவுன்ல (ஹாஷ் போட்டா தலைப்புங்கற மாதிரி சின்னச் சின்ன குறியோட எழுதற சாதா டெக்ஸ்ட்) ஒரே ஒரு வாட்டி எழுதி பேண்டாக் வழியா பிடிஎஃப், வேர்டு, வெப் பேஜ் மூணையும் எடுத்துடறோம். பேண்டாக் யாருன்னு தெரியாதவங்களுக்கு, பெர்க்லி யூனிவர்சிட்டில தத்துவம் சொல்லிக்குடுக்கற ஜான் மெக்ஃபார்லேன் 2006ல ஹாஸ்கெல் மொழில எழுதி வெளியிட்ட டூல் இது, இன்னைக்கும் ஃப்ரீ, இன்னைக்கும் அவரே முன்னாடி நின்னு பாத்துக்கறார்.

ஆனா புதுசா வர்ற ஒவ்வொருத்தரும் அதே சில இடத்துலதான் மாட்டிக்கறாங்க, அதுலயும் தமிழ்னு வந்துட்டா "இதுக்கு தமிழ் ஒத்துவராதுண்ணா, வேர்டுலயே பண்ணிடலாம்"னு ரெண்டாம் நாளே சொல்லிடறாங்க. அது எனக்கு உண்மையிலயே வலிக்கும், ஏன்னா தமிழ் நல்லாவே ஒத்துவரும், டூல்கிட்ட இது தமிழ்னு நாம சொல்லாம விட்டதுதான் பாதி பிரச்சனை. அதுக்குத்தான் இத எழுதறேன்.

கமாண்ட் எல்லாம் இங்க தமிழ் எழுத்துலயே எழுதியிருக்கேன், அடிக்கும்போது இங்கிலீஷ்ல சின்ன எழுத்துல அடிங்க, பெரிய எழுத்து வேணும்னா அங்கயே சொல்றேன்.

முதல்ல ஒரு விஷயம் மனசுல வச்சுக்கோங்க. பேண்டாக் மூணு படில வேலை செய்யுது. உங்க ஃபைல படிக்கும், படிச்சத உள்ளுக்குள்ள ஒரு மரமா அடுக்கி வச்சுக்கும் (தலைப்பு, பத்தி, லிஸ்ட், டேபிள்னு), அப்புறம் அந்த மரத்துலேர்ந்து வேணுங்கற வடிவத்துல எழுதும். பிடிஎஃப்னா இன்னொரு படி கூட உண்டு, லேடெக்ஸ்ங்கற அச்சுக்கோக்கற சாஃப்ட்வேர்கிட்ட குடுத்து அது பக்கம் போட்டுத் தரும். எர்ரர் வந்தா இதுல எந்தப் படின்னு கண்டுபிடிச்சாலே பாதி வேலை முடிஞ்சுது. அதுக்கு பேண்டாக் -டி (டைப்ல வர்ற டி) நேட்டிவ்னு போட்டு உங்க ஃபைல் பேர குடுங்க, உள்ள இருக்கற மரம் அப்படியே ஸ்க்ரீன்ல வரும். மரம் சரியா இருந்தா உங்க எழுத்துல தப்பில்ல, வெளிய எழுதற பக்கம் பாருங்க. மரமே கோணலா இருந்தா ஃபான்ட்ட மாத்தி பிரயோஜனமே இல்ல.

"கமாண்ட் நாட் ஃபவுண்ட்"

இன்ஸ்டால் பண்ணியாச்சு, ஆனா டெர்மினல்ல (கமாண்ட் அடிக்கற ஜன்னல்) அடிச்சா ஆளையே காணோம். விண்டோஸ்ல பத்துல எட்டு தடவ காரணம் ஒண்ணே ஒண்ணு, இன்ஸ்டால் பண்றதுக்கு முன்னாடியே திறந்து வச்ச டெர்மினல்ல அடிக்கறீங்க, அதுக்கு புது பாத் (ப்ரோக்ராம எந்தெந்த ஃபோல்டர்ல தேடணும்ங்கற லிஸ்ட்) தெரியாது. மூடிட்டு புதுசா திறங்க. வி எஸ் கோடுக்குள்ள இருக்கற டெர்மினல்னா அந்த சாஃப்ட்வேரையே மூடித் திறக்கணும், உள்ள இருக்கற டேப மட்டும் மூடினா போதாது.

லினக்ஸ்ல டார் ஃபைல் இறக்கி விரிச்சு வச்சிருந்தா, அந்த பின் ஃபோல்டர் பாத்ல இருக்கான்னு பாருங்க. மேக்ல ஹோம்ப்ரூ வழியா போட்டிருந்தா ஆப்பிள் சிலிகான் மெஷின்ல அது ஓபிடிங்கற ஃபோல்டருக்குள்ள ஹோம்ப்ரூன்னு ஒரு இடத்துல இருக்கும், பழைய இன்டெல் மெஷின்ல யூஎஸ்ஆர் லோக்கல், பழைய மெஷின்லேர்ந்து செட்டிங்ஸ காப்பி பண்ணி எடுத்துட்டு வந்தவங்க இங்கதான் மாட்டுவாங்க.

"அன்னோன் ஆப்ஷன் --சைட்ப்ராக்"

இது இன்ஸ்டால் ஆகாத பிரச்சனை இல்ல, பழசு இன்ஸ்டால் ஆன பிரச்சனை. உபுண்டு 22.04ல ஏபிடி (உபுண்டுவோட இன்ஸ்டால் கமாண்ட்) வழியா போட்டா வர்றது 2.9.2.1. மேற்கோள் நூல் பட்டியல் போடற --சைட்ப்ராக் ஆப்ஷன் பேண்டாக் உள்ளயே வந்தது 2020ல, 2.11 வெர்ஷன்ல. அதுக்கு முன்னாடி அது தனி ப்ரோக்ராம். அதனால நெட்ல பாத்த கமாண்ட் உங்க மெஷின்ல ஓடாது, உங்க மேல தப்பே இல்ல. 24.04ல 3.1.3 வருது, அது பரவாயில்ல.

முதல்ல பேண்டாக் --வெர்ஷன் அடிச்சுப் பாருங்க. பழசா இருந்தா ப்ராஜெக்ட்டோட ரிலீஸ் பக்கத்துலேர்ந்து டெப் ஃபைல இறக்கி டிபிகேஜி -ஐ போட்டு ஏத்துங்க. ஏத்தின அப்புறமும் பழைய நம்பரே காட்டினா பயப்படாதீங்க, டைப் -ஏ பேண்டாக்னு அடிங்க, மெஷின்ல எத்தனை பேண்டாக் எங்கெங்க இருக்குன்னு வரிசையா சொல்லும். மேல இருக்கறதுதான் ஓடும். சில சமயம் பாஷ் (டெர்மினலுக்குள்ள நம்ம கமாண்ட வாங்கி ஓட்டற ப்ரோக்ராம்) பழைய இடத்த ஞாபகம் வச்சுக்கிட்டு அங்கயே போகும், ஹாஷ் -ஆர் அடிச்சா அந்த ஞாபகம் அழிஞ்சுடும்.

எங்க ஆபீஸ்ல நாலு மெஷின்ல நாலு வெர்ஷன் இருந்தப்போ ஒரே ஃபைலுக்கு நாலு விதமா அவுட்புட் வந்து ஒரு வாரம் போச்சு. இப்போ ப்ராஜெக்ட் ஃபோல்டர்ல இருக்கற ரீட்மீ முதல் வரியிலயே எந்த வெர்ஷன்னு எழுதி வச்சிருக்கோம், பேண்டாக் க்ராஸ்ரெஃப் மாதிரி கூட ஓடற ஃபில்டர் (படிக்கறதுக்கும் எழுதறதுக்கும் நடுவுல அந்த மரத்த மாத்தற சின்ன ப்ரோக்ராம்) இருந்தா அது எந்த பேண்டாக் வெர்ஷனுக்காக கட்டினதுங்கறதும் பொருந்தணும், இல்லன்னா வார்னிங் குடுத்துட்டு விசித்திரமா நடந்துக்கும்.

"பிடிஎஃப்லேடெக்ஸ் நாட் ஃபவுண்ட்"

பேண்டாக் தானா பிடிஎஃப் போடாது. லேடெக்ஸ் இல்லாம நேரா -ஓ மேனுவல்.பிடிஎஃப்னு குடுத்தா இந்த எர்ரர் வரும். உடனே லேடெக்ஸ் எல்லாம் சேந்து வர்ற டெக்ஸ் லைவ் ஃபுல் இறக்கிடாதீங்க, பல ஜிபி, வீட்டு வைஃபைல மாடில இருந்தா ராத்திரி பூரா ஓடும். தமிழ் பிடிஎஃப்க்கு டெபியன், உபுண்டுல டெக்ஸ்லைவ்-ஸீடெக்ஸ், டெக்ஸ்லைவ்-லுவாடெக்ஸ், டெக்ஸ்லைவ்-லேடெக்ஸ்-எக்ஸ்ட்ரா, டெக்ஸ்லைவ்-லாங்-அதர் இது நாலு போதும். கடைசி பேக்கேஜ நிறைய பேரு விட்டுடுவாங்க, அது எதுக்குன்னு கீழ சொல்றேன்.

"யூனிகோட் கேரக்டர் க ... நாட் செட் அப் ஃபார் யூஸ் வித் லேடெக்ஸ்"

இதுல க இருக்கற இடத்துல உங்க ஃபைலோட முதல் தமிழ் எழுத்து எதுவோ அது வரும். பிடிஎஃப்லேடெக்ஸ்ங்கறது பழைய இன்ஜின், அதுக்கு தமிழ் யூனிகோட் தெரியாது, அத தெரியவைக்க முயற்சி பண்றது வீண். இன்ஜின மாத்துங்க. --பிடிஎஃப்-இன்ஜின்=ஸீலேடெக்ஸ், அல்லது லுவாலேடெக்ஸ். ஸீலேடெக்ஸ்ங்கறது அடிக்கறப்போ எக்ஸ், இ, அப்புறம் லேடெக்ஸ். இசட் போட்டு அடிச்சுட்டு அரை மணி நேரம் தேடினவங்கள பாத்திருக்கேன்.

பிடிஎஃப் வருது, ஆனா தமிழ் இருக்க வேண்டிய இடம் வெத்து

இங்கதான் நிறைய பேரு கைய விடறாங்க. இங்கிலீஷ் இருக்கு, படம் இருக்கு, பக்க எண் இருக்கு, தமிழ் மட்டும் இல்ல. டெர்மினல மேல ஏத்திப் பாருங்க, மிஸ்ஸிங் கேரக்டர்னு வரிசையா வார்னிங் இருக்கும். லேடெக்ஸோட டிஃபால்ட் ஃபான்ட் லத்தீன் மாடர்ன், அதுல ஒரு தமிழ் எழுத்து கூட கிடையாது. எழுத்து இல்லன்னா அது நிக்காது, எர்ரரும் குடுக்காது, அந்த எழுத்த விட்டுட்டு போயிட்டே இருக்கும்.

ஃபைல் தலைல செட்டிங்ஸ் எழுதற யாம்ல் பகுதியில மெயின்ஃபான்ட்னு ஒரு வரி போட்டு தமிழ் ஃபான்ட் பேர குடுங்க. உங்க மெஷின்ல என்னென்ன தமிழ் ஃபான்ட் இருக்குன்னு பாக்க எஃப்சி-லிஸ்ட் அடிச்சு ஒரு ஸ்பேஸ் விட்டு :லாங்=டிஏ. எதுவுமே வரலன்னா ஃபான்ட்ஸ்-நோட்டோ-கோர் இல்லன்னா ஃபான்ட்ஸ்-லோஹித்-டிஏஎம்எல் பேக்கேஜ் போடுங்க. கையால இறக்கின ஃபான்ட்னா ஹோம்ல ஃபான்ட் ஃபோல்டர்ல போட்டுட்டு எஃப்சி-கேஷ் ஓட்டுங்க. ஃபான்ட் பேர எஃப்சி-லிஸ்ட் காட்டற மாதிரியே எழுதணும், ஃபைல் பேர் வேற, ஃபான்ட் பேர் வேற.

எத எடுக்கறதுன்னு கேட்டா, மேனுவல்ல தமிழும் இங்கிலீஷும் கலந்துதான் வரும், மாடல் நம்பர், வோல்டேஜ், ஹெர்ட்ஸ்னு. சில நோட்டோ தமிழ் ஃபான்ட்ல லத்தீன் எழுத்து இருக்காது, தமிழ் வந்துடும், 230ங்கற எண் காணாமப் போயிடும். கரண்ட் சம்பந்தப்பட்ட மேனுவல்ல வோல்டேஜ் நம்பர் காணாமப் போறது சின்ன விஷயம் இல்ல. அதனால ரெண்டு லிபியும் சேந்து இருக்கற முக்தா மலர், ஹிந்த் மதுரை, கேடமரன் மாதிரி எடுக்கறது என்னோட பழக்கம், மூணுமே ஃப்ரீ. லோஹித் நல்லாத்தான் இருக்கும், ஆனா அதுல போல்ட் கிடையாது, தலைப்பெல்லாம் சாதா எழுத்தா நிக்கும். சாய்வெழுத்து தமிழ் ஃபான்ட் பெரும்பாலும் எதுலயும் இல்ல, அழுத்தம் வேணும்னா போல்ட் பண்ணுங்க, சாய்க்காதீங்க.

கோட் ப்ளாக்குக்குள்ள தமிழ் கமென்ட் எழுதியிருந்தா மோனோஃபான்ட்டுக்கும் தனியா தமிழ் இருக்கற ஃபான்ட் குடுக்கணும், மெயின்ஃபான்ட் அங்க போகாது.

எழுத்து வருது, ஆனா கொம்பும் துணையெழுத்தும் இடம் மாறி நிக்குது

இதுதான் என் மனசுக்கு ரொம்ப நெருக்கமான பிரச்சனை. "கொதிக்கும்"னு எழுதியிருப்பீங்க, பிடிஎஃப்ல ககரம் தனியா, ஒற்றைக்கொம்பு அதுக்குப் பின்னாடி, நடுவுல புள்ளி வட்டம் வேற. இத பாத்துட்டுத்தான் எங்க ஆபீஸுக்கு வந்த ஒரு பிரஸ் ஓனர், "தம்பி, கம்ப்யூட்டருக்கு தமிழ் வராதுப்பா, பேஜ்மேக்கர்லயே பண்ணிக்குடு"ன்னார். அவர்கிட்ட அன்னைக்கே உக்காந்து சரி பண்ணி காட்டினேன், ஒரே ஒரு வரி.

விஷயம் என்னன்னா, யூனிகோட்ல எழுத்து ஒலிக்கற வரிசையில இருக்கும், ககரம் முதல்ல, அப்புறம் ஒகரக் குறி. ஆனா கண்ணுக்கு கொம்பு முன்னாடி வரணும், துணையெழுத்து பின்னாடி வரணும். இந்த இடமாத்தத்த ஃபான்ட்டும் எழுத்த அடுக்கற இன்ஜினும் சேந்து பண்ணும், ஆனா இது தமிழ் லிபின்னு அதுகிட்ட சொன்னாத்தான் பண்ணும். சொல்லலன்னா லத்தீன்னு நினைச்சுக்கிட்டு வர்ற வரிசையில கோத்துட்டு போயிடும்.

யாம்ல்ல மெயின்ஃபான்ட் வரிக்குக் கீழ மெயின்ஃபான்ட்ஆப்ஷன்ஸ்னு ஒரு வரி போட்டு அதுல ஸ்க்ரிப்ட்=தமிழ் குடுங்க, இங்க ஸ்க்ரிப்டோட முதல் எழுத்தும் தமிழோட முதல் எழுத்தும் பெரிய எழுத்து. ஸீலேடெக்ஸ்க்கு இது போதும். லுவாலேடெக்ஸ்னா கூடவே ரெண்டரர்=ஹார்ஃப்பஸ் போடணும், அதுல ரெண்டரரோட ஆர், ஹார்ஃப்பஸ்ஸோட எச், பி மூணும் பெரிய எழுத்து. டெக்ஸ் லைவ் 2020லேர்ந்து லுவாலேடெக்ஸ்ல ஹார்ஃப்பஸ் உள்ளயே இருக்கு, அதுக்கு முன்னாடி வந்த டெக்ஸ் லைவ் வச்சிருந்தா ஸீலேடெக்ஸே போட்டுக்கோங்க.

போட்ட அப்புறம் சோதிக்க நான் எப்பவும் இந்த நாலு வார்த்தைய ஒரு ஃபைல்ல வச்சிருப்பேன்: கொடுக்கை, சோறு, கௌரவம், ஸ்ரீ. இது நாலும் சரியா வந்தா மத்ததெல்லாம் வந்துடும்.

வரி மார்ஜின தாண்டி வெளிய நீட்டிக்கிட்டு போகுது

தமிழ் வார்த்தை நீளம். "பயன்படுத்திக்கொண்டிருக்கும்போது"ங்கறது ஒரே வார்த்தை, லேடெக்ஸுக்கு எங்க உடைக்கறதுன்னு தெரியலன்னா உடைக்காது, பக்கத்த தாண்டி நீட்டிடும், டெர்மினல்ல ஓவர்ஃபுல் எச்பாக்ஸ்னு வரும். யாம்ல்ல லாங்: டிஏ போடுங்க, தமிழ் சொற்பிரிப்பு விதிகள எடுத்துக்கும், அந்த விதி இருக்கற பேக்கேஜ்தான் நான் மேல சொன்ன டெக்ஸ்லைவ்-லாங்-அதர். பொருளடக்கத்தோட தலைப்பு இங்கிலீஷ்ல வந்தா டாக்-டைட்டில்னு ஒரு வரில நீங்களே "பொருளடக்கம்"னு குடுத்துடலாம், டாக்ங்கறது டி, ஓ, சி.

"யூடிஎஃப்-8 டீகோடிங் எர்ரர்"

யூடிஎஃப்-8ங்கறது யூனிகோட் எழுத்த ஃபைல்ல பைட்டா சேக்கற ஒரு முறை (என்கோடிங்), பேண்டாக் எப்பவும் அதைத்தான் எதிர்பாக்கும். எர்ரர்லயே எந்த பைட்னு சொல்லும், முதல் பைட்டே எஃப்எஃப்னு சொன்னா அது யூடிஎஃப்-16 ஃபைல். எங்கேர்ந்து வருதுன்னா, விண்டோஸோட வர்ற பவர்ஷெல் 5.1ல அம்புக்குறி போட்டு அவுட்புட்ட ஃபைலுக்கு திருப்பினா அது யூடிஎஃப்-16ல எழுதிடும். அதனால அம்புக்குறி போடாதீங்க, எப்பவும் -ஓ போட்டு ஃபைல் பேர் குடுங்க. ஏற்கனவே ஆயிருந்தா ஐகான்வ் -எஃப் யூடிஎஃப்-16 -டி யூடிஎஃப்-8 போட்டு மாத்திடலாம், இல்ல நோட்பேட்ல திறந்து சேவ் ஆஸ்ல என்கோடிங் மாத்துங்க. விண்டோஸ் 10ல 1903 அப்டேட்லேர்ந்து நோட்பேட் தானாவே யூடிஎஃப்-8லதான் சேவ் பண்ணுது, பழைய மெஷின்லேர்ந்து வர்ற ஃபைல்தான் ஜாக்கிரதை.

இன்னொரு விதம் உண்டு, எர்ரரே வராது, ஆனா தமிழுக்கு பதிலா சம்பந்தமே இல்லாத இங்கிலீஷ் எழுத்தும் அரைப்புள்ளியுமா இருக்கும். அது பாமினி, வானவில் மாதிரி பழைய என்கோடிங். சிவகாசி, திருவல்லிக்கேணி பிரஸ்லேர்ந்து வர்ற பழைய மேட்டர் பெரும்பாலும் இப்படித்தான் இருக்கும். 1999 பிப்ரவரில சென்னைல நடந்த தமிழ்நெட் மாநாட்டுல டேம், டேப்னு ரெண்டு என்கோடிங் முடிவு பண்ணாங்க, 2010ல தமிழ்நாடு அரசு யூனிகோடையும் டேஸ்16ஐயும் ஸ்டாண்டர்டா அறிவிச்சுது, ஆனா நடுவுல டைப் அடிச்சு வச்ச ஃபைல் எல்லாம் இன்னும் அலமாரில இருக்கு. பேண்டாக்கால இத சரி பண்ண முடியாது, அதுக்கு அது சுத்தமான இங்கிலீஷ் எழுத்து. ஓப்பன்-தமிழ்னு ஒரு பைத்தான் லைப்ரரி இருக்கு, அதுல இந்த என்கோடிங்லேர்ந்து யூனிகோடுக்கு மாத்தற ஃபங்ஷன் எல்லாம் இருக்கு. மாத்தின அப்புறம் ஒரு ஆள் உக்காந்து படிச்சே ஆகணும், நடுவுல வர்ற இங்கிலீஷ் வார்த்தைய எல்லாம் அது தமிழ்னு நினைச்சு மாத்தியிருக்கும்.

வெப் பேஜ்ல ஒவ்வொரு எழுத்தும் குப்பையா வருது

தலையில கோடு போட்ட ஏ எழுத்தும் வட்டத்துக்குள்ள ஆர் போட்ட குறியும் திரும்பத் திரும்ப வந்தா அது நல்ல தமிழ்தான், ப்ரவுசர் தப்பா படிக்குது. தமிழோட யூனிகோட் குறி ஒவ்வொண்ணும் யூடிஎஃப்-8ல மூணு பைட், முதல் பைட் எல்லாத்துக்கும் ஒண்ணுதான், ரெண்டாவதும் ரெண்டே ரெண்டு விதம்தான், அதான் ஒரே குறி திரும்பத் திரும்ப வருது. -எஸ் போட மறந்துட்டீங்க. -எஸ் இல்லன்னா பேண்டாக் நடுப்பகுதிய மட்டும்தான் எழுதும், இது யூடிஎஃப்-8னு சொல்ற தலைப்பகுதிய எழுதாது.

"யாம்ல் பார்ஸ் எக்ஸப்ஷன்"

தலைப்புல முக்காற்புள்ளி இருக்கும். "மிக்சி: பராமரிப்பு முறை"ன்னு எழுதினா ரெண்டாவது முக்காற்புள்ளிய பாத்து குழம்பிடும். முழு தலைப்பையும் மேற்கோள் குறிக்குள்ள போடுங்க, ஆனா ஃபோன்லேர்ந்தோ வேர்டுலேர்ந்தோ ஒட்டின வளைஞ்ச மேற்கோள் குறி வேண்டாம், நேரா நிக்கற குறி. டேப் கீயும் கூடாது, ஸ்பேஸ் மட்டும்தான்.

தலைப்பு தலைப்பா வரல, லிஸ்ட் ஒரே பத்தியா ஒட்டிக்குது

இது மரத்துலயே தெரியும், -டி நேட்டிவ் போட்டுப் பாருங்க, ஹெட்டர் இருக்க வேண்டிய இடத்துல பாரா இருக்கும். மூணு காரணம்தான். ஹாஷ் குறிக்கு அப்புறம் ஸ்பேஸ் இல்ல. தலைப்புக்கு மேல காலி வரி இல்ல. லிஸ்ட்டுக்கு மேல காலி வரி இல்ல. வேற டூல்ல இதெல்லாம் இல்லாமலே ஓடும், பேண்டாக்கோட மார்க்டவுன்ல ஓடாது. பாதுகாப்பு எச்சரிக்கை லிஸ்ட் எல்லாம் ஒரே பத்தியா ஒட்டி அச்சாகிப் போச்சுன்னா படிக்கறவங்க கைய சுட்டுக்குவாங்க, அதனால காலி வரி விஷயத்துல நான் ரொம்ப கண்டிப்பு.

தலைப்புக்கு லிங்க் குடுக்கணும்னா தானா உருவாகுற ஐடிய நம்பாதீங்க, தலைப்புல ஒரு எழுத்து மாத்தினாலே அதுவும் மாறிடும். தலைப்பு வரி கடைசில நெளிவு அடைப்புக்குறிக்குள்ள ஹாஷ் போட்டு நீங்களே ஒரு பேர் வச்சிடுங்க.

வேர்டு ஃபைல்ல ஃபான்ட் மாத்தினாலும் தமிழ் மாறல

முதல்ல பேண்டாக் -ஓ கஸ்டம்.டாக்எக்ஸ் --ப்ரிண்ட்-டிஃபால்ட்-டேட்டா-ஃபைல் ரெஃபரன்ஸ்.டாக்எக்ஸ் அடிச்சு மாதிரி ஃபைல எடுங்க, அத வேர்டுல திறந்து ஸ்டைல மட்டும் மாத்துங்க, உள்ள இருக்கற வாக்கியத்த மாத்தி ஒண்ணும் ஆகாது, அப்புறம் --ரெஃபரன்ஸ்-டாக்னு அத குடுங்க. ஆனா ஸ்டைல்ல மேல தெரியற ஃபான்ட் பெட்டிய மாத்தினா இங்கிலீஷ் மட்டும்தான் மாறும். வேர்டு கணக்குல தமிழ் காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட். மாடிஃபை ஸ்டைல், ஃபார்மட், ஃபான்ட்னு உள்ள போனா காம்ப்ளெக்ஸ் ஸ்க்ரிப்ட்டுக்குன்னு தனி பெட்டி இருக்கும், அங்க நிர்மலா யூஐ அல்லது லதா குடுங்க, சைஸையும் அங்கயே தனியா குடுக்கணும்.

லுவா ஃபில்டர் எழுதினேன், ஒண்ணுமே நடக்கல

பேண்டாக்க நம்ம தேவைக்கு வளைக்கணும்னா லுவாங்கற சின்ன ஸ்க்ரிப்ட் மொழில எழுதற ஃபில்டர்தான் நல்ல வழி, 2.0லேர்ந்து உள்ளயே இருக்கு, வேற எதுவும் இன்ஸ்டால் பண்ண வேண்டாம். நடக்கலன்னா ஃபங்ஷன் பேர பாருங்க, ஹெட்டர், பாரா, எஸ்டிஆர் இதுக்கெல்லாம் முதல் எழுத்து பெரிய எழுத்து, சின்ன எழுத்துல எழுதினா எர்ரரும் வராது வேலையும் செய்யாது. அடுத்து ரிட்டர்ன் எழுதினீங்களான்னு பாருங்க, எதுவும் திருப்பித் தரலன்னா "மாத்த வேண்டாம்"னு அர்த்தம். இடையில என்ன வருதுன்னு பாக்க ஐஓ.எஸ்டிடிஎர்ர்ல எழுதி ஸ்க்ரீன்ல பாருங்க, சாதா ப்ரிண்ட் போட்டா அது அவுட்புட்டோட கலந்துடும்.

தமிழ எண்றப்போ தனி ஜாக்கிரதை. "தமிழ்"ங்கறது நம்ம கண்ணுக்கு மூணு எழுத்து, யூனிகோட்ல அஞ்சு குறி, லுவாவோட சாதா நீளக் கணக்குல 15. ஸ்ட்ரிங்.சப் போட்டு வெட்டினா எழுத்துக்கு நடுவுல வெட்டி குப்பையாக்கிடும். எண்றதுக்கு யூடிஎஃப்8.லென் போடுங்க, அது அஞ்சுன்னு சொல்லும். மூணுன்னு வேணும்னா உயிர்க்குறியையும் புள்ளியையும் முன்னாடி இருக்கற எழுத்தோட சேத்து எண்ற மாதிரி நீங்கதான் எழுதணும்.

ஒரு தடவ நான் பண்ண தப்ப சொல்றேன், நீங்க பண்ணாதீங்க. நிறைய பேரு ஔகாரத்துக்கு ஒகரமும் ளகரமும், இல்லன்னா ஒற்றைக்கொம்பும் ளகரமும் சேத்து அடிச்சிடுவாங்க, ஔடதத்த "ஒளடதம்"னு, கௌரவத்த "கெளரவம்"னு. கண்ணுக்கு ஒண்ணாத்தான் தெரியும், ஆனா தேடினா கிடைக்காது, அகரவரிசை பின்னிணைப்புல தப்பான இடத்துக்குப் போயிடும். சரி, ஒரு ஃபில்டர் போட்டு எல்லாத்தையும் மாத்திடலாம்னு எழுதி ஓட்டினேன். மறுநாள் ப்ரூஃப் பாத்த அக்கா ஃபோன் பண்ணாங்க, "என்னப்பா, எல்.இ.டி விளக்கு மேனுவல்ல ஒளியே இல்ல"ன்னு. ஒளி, ஒளிரும், ஒளிவிளக்கு எல்லாத்துலயும் ஒகரமும் ளகரமும் நியாயமா பக்கத்துல பக்கத்துலதான் இருக்கும், எல்லாத்தையும் என் ஃபில்டர் ஔவாக்கிடுச்சு. கெளுத்தி மீனும் தப்பிச்சிருக்காது.

இப்போ அந்த ஃபில்டர் எதையும் மாத்தாது. எஸ்டிஆர்ல அந்த ஜோடி இருந்து, ளகரத்துக்கு அப்புறம் உயிர்க்குறியோ புள்ளியோ இல்லன்னா மட்டும், வார்த்தைய ஸ்க்ரீன்ல எழுதிக் காட்டும். மாத்தறது மனுஷன் வேலை. தமிழ்ல எழுத்து சம்பந்தமான எந்த ஃபில்டரா இருந்தாலும் முதல்ல எச்சரிக்க மட்டும் விடுங்க, ஒரு மேனுவல் முழுக்க பாத்துட்டு அப்புறம் மாத்த விடுங்க.

சோர்ஸ்லேர்ந்து கட்டறப்போ

உங்களுக்கு வேணுங்கறது லுவா ஃபில்டர்ல முடிஞ்சா இத தொடாதீங்க. பேண்டாக்குக்குள்ளயே ஒரு பிழைய திருத்தி அனுப்பணும்னு ஆசை இருந்தா வாங்க, நல்ல ஆசை. ஜிஎச்சிஅப் வழியா ஹாஸ்கெல் கம்பைலரும், ஹாஸ்கெல் ப்ராஜெக்ட்ட கட்டித் தர்ற கபாலும் போடுங்க.

கேனாட் ஃபைண்ட் -எல்ஜிஎம்பின்னு கடைசில நின்னா லிப்ஜிஎம்பி-டெவ் பேக்கேஜ் இல்ல, அவ்வளவுதான்.

கபால் இன்ஸ்டால் பேண்டாக்னு அடிச்சா எக்ஸிக்யூட்டபிள் எதுவும் இல்லன்னு சொல்லும். 2023ல வந்த 3.0லேர்ந்து பேண்டாக்ங்கறது லைப்ரரி மட்டும், கமாண்ட் தனியா பேண்டாக்-சிஎல்ஐங்கற பேக்கேஜ்ல இருக்கு, அத குடுங்க.

ரொம்ப நேரம் ஓடிட்டு "கில்டு"ன்னு ஒரு வார்த்தையோட நின்னுச்சுன்னா, இல்ல எக்ஸிட் கோட் 137 வந்தா, கோட்ல தப்பில்ல, ரேம் பத்தல. என்னோட 4 ஜிபி லேப்டாப்ல இது ஒவ்வொரு தடவையும் நடந்துச்சு. கபால் பில்ட் -ஜே1 போட்டு ஒரு நேரத்துல ஒண்ணு மட்டும் கட்டச் சொல்லுங்க, ஸ்வாப் ஃபைல் ஒண்ணு சேருங்க, மெதுவா ஆனாலும் முடியும். நான் கடைசில ரிச்சி ஸ்ட்ரீட் போய் கூட ஒரு 8 ஜிபி வாங்கிப் போட்டேன், அதுக்கப்புறம் நின்னதில்ல.

கட்டின பைனரிய வேற மெஷினுக்கு எடுத்துட்டுப் போனா டெம்ப்ளேட் ஃபைல காணோம்னு சொல்லும், ஏன்னா அது உங்க மெஷின்ல இருக்கற ஃபோல்டர தேடுது. கட்டறப்போ -எஃப் எம்பெட்_டேட்டா_ஃபைல்ஸ்னு ஃப்ளாக் குடுத்தா எல்லாம் பைனரிக்குள்ளயே போயிடும்.

திருத்தின அப்புறம் கபால் டெஸ்ட் ஓட்டுங்க, முழுசும் ஓட்ட நேரமாகும், --டெஸ்ட்-ஆப்ஷன்ஸ்ல -பி மார்க்டவுன்னு குடுத்தா அந்த பகுதி மட்டும் ஓடும். டெஸ்ட் பாதி, இருக்க வேண்டிய அவுட்புட் ஃபைலோட நம்ம அவுட்புட்ட ஒப்பிட்டுப் பாக்கற வகை. மாறினது வேணும்னே மாத்தினதுதான்னா --அக்செப்ட் போட்டா புது அவுட்புட்டையே சரின்னு எழுதிக்கும், ஆனா அதுக்கு முன்னாடி கிட் டிஃப் போட்டு ஒவ்வொரு ஃபைலா கண்ணால பாருங்க. நீங்க தொடாத ஒரு ஃபைல் அந்த லிஸ்ட்ல வந்திருந்தா அக்செப்ட் பண்ணாதீங்க, உங்க திருத்தம் வேற எதையோ தொட்டிருக்கு, அந்த ஃபைல -டி நேட்டிவ்ல ஓட்டி மரத்துலேர்ந்து ஆரம்பிங்க.